முன்னேற்றம் இல்லை

மாணவிக்கு நாற்பத்தாறு வயது, ஆசிரியைக்கு முப்பத்தெட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடம் பிரசவம் பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர் டாக்டர் வேதநாயகி. புத்தகத்தைவிடத் தன் விரலைத்தான் நம்புவார். பிரசவ வார்டில் அவர் குரல் கேட்டால் நர்ஸுகளே நிமிர்ந்து உட்காருவார்கள்.

அன்று காலை அந்தக் குரல் எங்கோ போயிருந்தது. ஆசிரியை ஆபிதாவின் அறை வாசலில் உள்ளே வராமல் நின்றார்.

"ஒரு சந்தேகம், மேடம். பிரசவத்துக்குக் கர்ப்பப்பை வாய் எப்ப வேலையைத் தொடங்குது?"

"யாருக்காகக் கேக்குறீங்க?"

"ஏழாம் பெட் முத்தரசி. தலைப்பிரசவம். தேதி தாண்டி மூணு நாள் ஆச்சு."

ஆபிதா எழுந்தார். "வாங்க, பார்க்கலாம்."

கட்டில் காலியாக இருந்தது. பக்கத்தில் மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"விடியக்காலைலேர்ந்து நடக்க விட்டிருக்கேன், டாக்டர். இவ்வளவு நாளா அசையாமத்தான் கிடந்தா. இந்த டாக்டரம்மாவே நேத்து சொல்லிட்டாங்களே, ஊருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

வேதநாயகி தரையைப் பார்த்தார்.

முத்தரசி வராந்தாவில் சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. வேதநாயகியைக் கண்டதும் நடையை வேகமாக்கினாள்.

"மன்னிச்சுக்கங்க டாக்டரம்மா. இனிமே உக்காரவே மாட்டேன். கர்ப்பப்பை திறந்துரும்ல?"

ஆபிதா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு வந்தார்.

"நேத்து எழுதினதைத் தமிழ்ல படிங்க."

வேதநாயகி கண்ணாடியைத் துடைத்தார். ஆங்கிலத்தில் ஆயிரம் முறை எழுதியதுதான். தமிழில் சட்டென்று வரவில்லை.

"முன்னேற்றம் இல்லை. ஒத்துழைப்பு இல்லை."

"அவகிட்ட வாயால சொன்னது?"

"வீட்டுல உக்காந்து தின்னுட்டே இருந்தா எப்படித் திறக்கும்னு கேட்டேன், மேடம்." சொல்லும்போது காது சூடாகிவிட்டது. "நேத்து அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. இன்னிக்கு என்கிட்டயே மன்னிப்பு கேக்குறா. வெக்கமா இருக்கு."

ஆபிதா காலையில் அவர் கேட்ட சந்தேகத்துக்கு வந்தார்.

"வலி வர்றதுக்கு எத்தனையோ நாள் முன்னாடியே கர்ப்பப்பை வாய்க்கு ரத்தக்குழாய் பெருகுது. நரம்பு நெருங்கி வளருது. ரத்தத்துலேர்ந்து வெள்ளணுக்கள் உள்ளே இறங்குது. விறைப்பா இருந்த நார் மெள்ள இளகுது."

"நரம்புக்கு அங்க என்ன வேலை, மேடம்? நான் வலிக்குன்னுதான் நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். எலிக்கு அந்த நரம்பை வெட்டிப் பார்த்திருக்காங்க. குட்டி போடற நேரம் வந்தும் அதால போட முடியல."

"அப்போ முத்தரசி..."

"தூங்கினப்பவும் அவ உடம்பு இந்த வேலையைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும். உக்காந்து சாப்பிட்டப்பவும்."

வேதநாயகி தன் வலது கையைப் பார்த்தார். பதினெட்டு வருடம். எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"நேத்து சோதிச்சப்ப என் விரலுக்கு ஒண்ணும் தெரியலையே, மேடம்."

"விரலுக்குத் தெரியலன்னு எழுதுங்க."

வேதநாயகி பேனாவை எடுத்து, பழைய வரியை அடித்து, புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஷீட்டை நீட்டினார். ஆபிதா வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாதே, டாக்டர்."

"சொல்லிடறேன், மேடம். மத்தியானம் மாமியார் சாப்பிடப் போவாங்க. அப்போ தனியாக் கூப்பிட்டு..."

"நேத்து தனியாவா சொன்னீங்க?"

"இல்ல."

"எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்?"

"வார்டு முழுக்க."

ஆபிதா நடந்து போய் வார்டின் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"அதே சத்தத்துல சொல்லுங்க."