கூத்தன் கொண்டுவந்த கருவி

மருதக்கோட்டை ராஜா கம்பீரவேலருக்கு மூக்குநுனியில் கோபம். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் தட்டு பறக்கும். பல்லக்கு லேசாய் ஆடினால் செருப்பு பறக்கும். அப்படிப்பட்டவரிடம் ஒரு சாமியார் வந்து, "மனக்கட்டுப்பாடு என்றால் பக்கத்து நாட்டு ராஜாதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போதாதா?

"அவனைவிட எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு அதிகம்!" என்று ராஜா கத்தினார். கத்தின கத்தலில் மாடத்துப் புறாவெல்லாம் பறந்துபோச்சு. "இல்லை என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கிறேன்!"

யார் சொல்வார்கள்? சபையில் வேடிக்கை பேசிச் சிரிக்கவைக்கிற கூத்தன் மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எவ்வளவு இருக்கும் மகாராஜா? உழக்கா, படியா?" என்று கேட்டுவிட்டான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கூத்தனைக் கண்டாலே ஆகாத பிரதானி வல்லபர் இதற்காகத்தான் காத்திருந்தார். "நல்ல கேள்வி மகாராஜா. கேட்டவனையே அளந்து காட்டச் சொல்லுங்கள்."

"ஆமாம்! கூத்தா, மூன்று நாளில் அதை அளக்க ஒரு கருவி கொண்டு வா. இல்லையென்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போ!"

கூத்தன் வீட்டில் மூன்று மாதப் பிள்ளை. வெளியே ஐப்பசி மழை. இந்த மழையில் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தராசுக்காரனைக் கேட்டான், தட்டானைக் கேட்டான். "போய் வேறு வேலை இருந்தால் பாரய்யா" என்றார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் யோசித்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தவன் அம்மிக்கல்லில் காலை இடித்துக்கொண்டான். கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. "ஐ..." என்று வாயைத் திறந்தான்.

தூளிப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பிள்ளை கண்ணை மூடியிருந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மீதி 'யோ'வைக் கூத்தன் விழுங்கிவிட்டான். துண்டைக் கடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்படியே முகத்தில் சிரிப்பும் வந்தது.

மூன்றாம் நாள் ராஜா சபைக்குள் நுழைந்தார். இரண்டு தூணுக்கு நடுவே ஒரு பழைய சேலையில் தூளி தொங்கியது. உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வாசலோரம் செங்கமலம், கையில் துணிமூட்டை. எதற்கும் இருக்கட்டும் என்று கட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

"இதென்னடா?" என்று ராஜா ஆரம்பித்தார்.

கூத்தன் உதட்டில் விரலை வைத்து, காதோரம் வந்து, சபைக்கும் கேட்கிற கிசுகிசுப்பில் சொன்னான். "இதுதான் கருவி மகாராஜா. பொய் சொல்லாது. லஞ்சம் வாங்காது. ராஜா, கூஜா என்று பார்க்காது. யார் சத்தத்தில் இது சிணுங்குகிறதோ, அவருடைய கட்டுப்பாடு அத்தோடு தீர்ந்தது. அவர் வெளியே போகவேண்டியதுதான்."

தண்ணீர்த் தொட்டியில் ஓட்டைக் கிண்ணத்தை மிதக்கவிட்டான். அது நிரம்பி முழுகினால் ஒரு நாழிகை.

சபை கப்சிப். கொஞ்ச நேரம்தான். சபைப் புலவர் மனசுக்குள்ளேயே ஒரு பாட்டுக் கட்டினார். கட்டின பாட்டு அவருக்கே பிடித்துப்போய், "ஆஹா!" என்றார். பிள்ளை சிணுங்கியது. புலவர் வெளியே.

சேனாதிபதி கொட்டாவி விட்டார். அது போருக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவரும் வெளியே. இருமினவர், தும்மினவர் என்று மற்றவர்களும் ஒவ்வொருத்தராய் வெளியே.

பிரதானி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார். கூத்தன் மெதுவாய் நடந்துபோனான். பிரதானி எச்சில் துப்ப எழுந்த நேரம் பார்த்து, அவர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"டேய்! அது என் இடம்டா!"

பிள்ளை காலை உதைத்தது. செங்கமலம் ஓடிவந்து ஆட்டிவிட்டு, திரும்ப வாசலோரம் போய் நின்றாள். பிரதானி முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்.

ராஜா ஒருத்தர்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மோர் கொண்டுவந்த வேலைக்காரன் தடுக்கி, மோர் முழுவதையும் ராஜாவின் பட்டு வேட்டியில் கொட்டிவிட்டான். ராஜாவின் கை ஓங்கியது. வேலைக்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ராஜா தூளியைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கி, தன் மீசையையே தடவிக்கொண்டது. வேலைக்காரன் ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்தான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ராஜாவுக்கும்தான். கொஞ்ச நேரத்தில் ஒரு எறும்பு அவர் காலைக் கடித்தது. அதற்கும் மீசையைத்தான் தடவினார்.

கிண்ணம் மூன்றாவது தடவையாக முழுகியது. ராஜாவால் தாங்க முடியவில்லை. துள்ளி எழுந்தார்.

"ஜெயிச்சிட்டேன்! மூணு நாழிகை! பார்த்தாயா கூத்தா!"

பிள்ளை வீல் என்று கத்தியது.

"பார்த்தேன் மகாராஜா. மோர் கொட்டினதைத் தாங்கினீர்கள். எறும்பு கடித்தது, அதையும் தாங்கினீர்கள். ஜெயிச்சதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் அளவு சரியாய் மூன்று நாழிகை."

ராஜாவின் முகம் சுருங்கியது. "மூன்று நாழிகை குறைச்சலா? என்னைவிட அதிகம் உள்ளவர் யார், காட்டு!"

கூத்தன் வாசலைக் காட்டினான். "விடியலிலிருந்து பாடுபட்டு அந்தப் பிள்ளையைத் தூங்கவைத்தவள் அவள். ஒரு கத்தலில் எழுப்பிவிட்டீர்கள். இன்னும் உங்களை ஒரு வார்த்தை சொல்லாமல் நிற்கிறாள், பாருங்கள். அதை அளக்கிற கருவி என்னிடம் இல்லை மகாராஜா."

ராஜா செங்கமலத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையிலிருந்த மூட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மூட்டையைப் பிரியம்மா. யாரும் எங்கேயும் போகவேண்டாம்" என்று சொல்லி, தூளிக்கயிற்றைத் தானே பிடித்தார். தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார்.

"மெல்ல ஆட்டுங்க ராஜா" என்றாள் செங்கமலம்.

மெல்ல ஆட்டினார். அரை நாழிகை போனது. வெளியே நின்ற பிரதானிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, "மகாராஜா, கூத்தனை எப்போது துரத்துவது?" என்று கேட்டார்.

ராஜா பல்லைக் கடித்தார். பிறகு, அந்தக் கோட்டையில் யாரும் கேட்டே இராத ஒரு குரலில் சொன்னார்.

"உஷ்... இப்போதான் கண் சொக்குது."