மூன்று நாள் தூங்கிய கார்

சேலையைப் படத்தில் பார்த்து வாங்கினால்கூட நிறம் மாறி வந்துவிடுகிறது. திருப்பி அனுப்பலாம் என்பதால் மனசு ஆறிப்போகிறது. திருப்பி அனுப்பவே முடியாத ஒன்றைப் படத்தில் பார்த்து வாங்கப் போன குடும்பத்தின் கதை இது. கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. அவசரப்படாமல் படியுங்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் நாச்சிமுத்து என்பவர் இரண்டு வேன்கள் வைத்து வாடகைக்கு ஓட்டிவந்தார். கோயில் சுற்றுலா, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவைதான் போகும். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வேன்களால்தான். இருந்தும் அவருக்கு வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. இப்போது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தரையை ஒட்டி உறுமிக்கொண்டு போகும் சூப்பர் கார் வேண்டும் என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று கையில் இருந்தால் முகூர்த்த நாளில் சும்மா நிற்காது என்று நினைத்தார். புதிது வாங்குவது நடக்கிற காரியமா? பழையது ஒன்று இணைய ஏலத்துக்கு வந்தது. சிவப்பு நிறம், ஊட்டியில் நின்றது. இரண்டு வேன்களையும் விற்றுவிட்டு அதை எடுப்பது என்று முடிவு செய்தார். வேன்களை விலைக்குப் பார்க்க, ஏலம் முடியும் நாள் சாயங்காலமே ஓர் ஆள் வருவதாக இருந்தது.

ஏலத்தின் விதி கடுமையானது. வண்டி எப்படி இருக்கிறதோ அப்படியேதான் விற்பனை. எடுத்த பிறகு பேச்சுக்கு இடமில்லை. சந்தேகம் இருந்தால் ஏலம் முடிவதற்குள் அந்தப் பக்கத்திலேயே எழுதிக் கேட்கலாம். கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணிலும் படும்.

கடைசி நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசைமேல் கணினியை வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்து, அவர் மனைவி பூங்கொடி, கோயம்புத்தூரில் இந்த மாதிரிக் கார்களைப் பழுது பார்க்கும் நண்பர் ஹக்கீம்.

"இதுல எஞ்சின் எங்கீங்க இருக்குது?" என்றாள் பூங்கொடி.

"சீட்டுக்குப் பின்னாடி. முன்னாடி திறந்தா பெட்டி வைக்கிற இடம்தான்" என்றார் நாச்சிமுத்து.

"அப்ப எங்கயாச்சும் போய் முட்டினா நம்ம துணிமணிக்குத்தான் சேதம்."

ஹக்கீம் சிரித்தார். "முட்டறது இருக்கட்டும் தங்கச்சி, எழும்புதான்னு முதல்ல பார்ப்போம். இந்த எஞ்சின்ல கோளாறு இருந்தா, நல்லாக் குளிர்ந்து கிடந்துட்டு எழும்பறப்பத்தான் வெளிய வரும். சூடேறிட்டா ஒண்ணுமே தெரியாது. நல்லவன் மாதிரி நடிக்கும்."

"காப்பி குடிச்ச பின்னாடி இவரு இருக்கிற மாதிரியாண்ணா?"

நாச்சிமுத்து அதைக் காதில் வாங்காமல் வீடியோவை ஓடவிட்டார். ஏலம் கேட்பவர்கள் வற்புறுத்தியதால் விற்பவர் அன்று காலை எடுத்துப் போட்டது அது.

தை மாதக் குளிர். சூரியன் இன்னும் வரவில்லை. புல்லின்மேல் உறைபனி உப்பைத் தூவியதுபோல் கிடந்தது. விற்பவர் பேசப்பேச வாயிலிருந்து ஆவி வந்தது. வாசலில் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் மடித்துப் போட்ட கம்பளி. பக்கத்தில் உறை போர்த்திய கார். அதன் பின்பக்கம், உறையின்மேல், பழுப்புப் பூனை ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா வண்டியைத் தொடவே இல்லை. இப்ப உங்க கண் முன்னாலேயே எழுப்பறேன்" என்றார் விற்பவர். பூனையை விரட்டினார். அது முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டு, மனசே இல்லாமல் இறங்கிப் போனது. அவர் உறையை உருவியபோது முன்பக்க மடிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஒரே அழுத்தில் கார் உறுமியது. புகை இல்லை, தட்டல் இல்லை.

"சத்தம் சுத்தமா இருக்கு. ஆனா நேர்ல பார்க்காம வாங்குன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்றார் ஹக்கீம்.

"நாம மலையேறிப் போய்ச் சேர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும்டா."

"போன வாரமே போயிருக்கலாம்ல?"

"முகூர்த்தம். ரெண்டு வேனும் ஓட்டத்துல இருந்துச்சு."

பூங்கொடி கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "மறுபடி முதல்ல இருந்து போடுங்க." வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் பூனை..."

"கீறியிருக்கும்னு பயப்படறியா? உறைமேலதானே படுத்திருக்குது. கீறியிருந்தாலும் பாலிஷ் போட்டாப் போயிரும்."

"கீறலைப் பத்தி யாரு கவலைப்பட்டா? இந்த வண்டி நமக்கு வேண்டாமுங்க."

"எஞ்சின் சத்தம் நல்லா இருக்குன்னு இவன் சொல்றான். நீ பூனையைப் பார்த்துட்டு வேண்டாங்கற."

"அமுத்தறதுக்கு முன்னாடி அந்தாளுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நான் சொல்றதை அப்படியே எழுதுங்க, போதும்."

ஏலம் முடியப் போகிறது. நாச்சிமுத்துவின் விரல் ஏலம் கேட்கும் பொத்தான்மேல் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு வேன்களும் வெயிலில் நிற்கின்றன.

வாங்கிவிடலாம் என்கிறார் நாச்சிமுத்து. நேரில் பார்க்காமல் கூடாது என்கிறார் ஹக்கீம். வேண்டவே வேண்டாம் என்கிறாள் பூங்கொடி. அவள் அந்த வீடியோவில் கண்டுபிடித்தது என்ன? மூவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: உறைபனி விழுந்த காலையில், பக்கத்திலேயே கம்பளி கிடக்கும்போது, பனியில் நனைந்த உறைமேல் எந்தப் பூனையும் படுக்காது. அது படுத்திருந்தது பின்பக்கம், எஞ்சினுக்கு நேர் மேலே. அங்கே கதகதப்பு இருந்திருக்கிறது. மூன்று நாள் தூங்கிய எஞ்சினுக்குச் சூடு எங்கிருந்து வந்தது? வீடியோ எடுப்பதற்கு முன்பே வண்டியை எப்படியோ எழுப்பி, சூடாக்கி, அணைத்து, மறுபடியும் உறை போர்த்திவிட்டார்கள். ஹக்கீமின் காதில் தவறில்லை, அவர் கேட்டது சூடான எஞ்சினின் சத்தம். நேரில் போய்ப் பார்க்கச் சொன்னதும் நல்ல புத்திதான், ஆனால் அதற்கு நேரம் இல்லை. அந்த நேரத்தில் கேட்க வேண்டியது பூங்கொடியின் பேச்சை. நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே அவள் சொன்னதை எழுதினார்: "கம்பளியை விட்டுட்டு உங்க பூனை ஏன் வண்டிமேல படுத்திருந்துச்சு?" கொஞ்ச நேரத்தில் அந்த வீடியோவையே காணோம். நாச்சிமுத்து கணினியை மூடிவிட்டுப் போனை எடுத்தார். வேன் பார்க்க இருந்தவரிடம், சாயங்காலம் வர வேண்டாம் என்று சொன்னார்.