ஓடையைத் தாண்டி வந்த சூடு

வறண்ட ஓடையின் கரையில், ஒரு முட்புதருக்குள், கருங்கழுத்தி என்ற முயல் தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. கடுங்கோடையின் ஒரு பகலில் எதிர்க்கரை மூங்கில்கள் தீப்பிடித்துக்கொண்டன. மான்கள் ஓடின. காட்டுப்பன்றிகள் ஓடின. கருங்கழுத்தியின் குட்டிகள் பச்சைக் குட்டிகள். அவற்றால் ஓட முடியாது.

கருங்கழுத்தி மனதைத் தேற்றிக்கொண்டது. இரு கரைக்கும் நடுவே வெறும் மணல்தானே. எரிவதற்கு ஒரு சருகுகூட இல்லை. தீ எதன்மேல் ஏறி வரும்?

ஆனால் முகம் சுட்டது. முதுகுப் பக்கமிருந்து வந்த காற்று குளிர்ச்சியாய்த்தான் இருந்தது. நெருப்பைப் பார்த்திருந்த முகம் மட்டும் காந்தியது. தனக்குப் பின்னால் ஒண்டிக்கிடந்த குட்டிகளை மோந்து பார்த்தது. தாயின் மறைவில் அவற்றின்மேல் சூடே இல்லை. கருங்கழுத்திக்குப் புரிந்தது. வானத்து வெயில் எதையும் பற்றிக்கொள்ளாமல் இறங்குவதுபோல, இந்தச் சூடும் வெட்டவெளியைத் தாண்டி நேராக வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தீ தொடாத இந்தக் கரையின் புல் புகையத் தொடங்கியது.

அப்போது புதரை ஒட்டியிருந்த பாறைமேலிருந்து நரி கூப்பிட்டது. முள்ளுக்குள் நுழைய முடியாமல், அந்தக் குட்டிகளுக்காகவே பல நாளாய்ச் சுற்றிக்கொண்டிருந்த நரி அது.

"பாறை எரியாதம்மா. குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வா. உயிர் போகிற நேரத்தில் பகை பார்க்கலாமா?"

கருங்கழுத்தி முன்காலைப் பாறையில் வைத்தது. வெடுக்கென்று எடுத்துக்கொண்டது. பாறை எரியவில்லைதான். ஆனால் விடிந்ததிலிருந்து வெயிலில் வாங்கி வைத்த சூட்டையெல்லாம் தொட்ட காலுக்குள் இறக்கியது. நரி கால் மாற்றி மாற்றி நிற்பதை அது அப்போதுதான் கவனித்தது.

சற்றுக் கீழே, கரை மண்ணில் முள்ளம்பன்றியின் வளை இருந்தது. மண்ணைத் தள்ளி வாசலை அடைக்கப்போன முள்ளம்பன்றியிடம் கருங்கழுத்தி ஓடிப்போய் இடம் கேட்டது. இருட்டும் இறுக்கமும் முயலுக்கு ஆகாது. முள்ளம்பன்றிக்கு விருந்தாளி ஆகாது. "சீக்கிரம் கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அது ஒதுங்கி நின்றது.

ஒரு குட்டியை வளைக்குள் விட்டுவிட்டுத் திரும்பியபோது புதரின் ஓரம் பற்றிக்கொண்டிருந்தது. நரி பாறை விளிம்பில் பதுங்கி, பாயக் காத்திருந்தது. கருங்கழுத்தி அண்ணாந்து பார்த்தது. புகை, தீப்பொறி, எரிந்த இலைத்துணுக்கு எல்லாமே மேல்நோக்கிப் போயின. சூடேறிய காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு, நரி நின்ற உயரத்துக்கே ஏறியது. தரையோரம் மட்டும்தான் மூச்சுவிட முடிந்தது.

இரண்டாவது குட்டியைக் கவ்விக்கொண்டு, வயிறு மண்ணில் தேய ஊர்ந்தது. தலைக்கு மேலே நரி இருமியது. கண் எரிய, எங்கே பாய்வதென்று தெரியாமல் குதித்தது. அதன் நகம் கருங்கழுத்தியின் வாலில் கொஞ்சம் ரோமத்தைப் பிய்த்தது. அதற்குள் வளை வந்துவிட்டது. முயல் நுழைந்த மறுகணம் முள்ளம்பன்றி மண்ணைத் தள்ளி வாசலை அடைத்தது.

மேலே தீ நடந்து போகும் சத்தம் கேட்டது. கூரை மண் மெல்ல வெதுவெதுப்பானது. கருங்கழுத்தி குட்டிகளை அணைத்தபடி, அடுத்த சூட்டுக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. அத்தனை கனமான மண், சூட்டை அவ்வளவு சுலபமாக உள்ளே விடவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு வெளியே வந்தன. புதர் இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. நரியின் காலடித் தடம் மலைச்சரிவில் மேல்நோக்கிப் போயிருந்தது. தீ அதைவிட வேகமாக ஏறியிருந்தது.

ஆபத்து வரும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, அதற்கு வழியே இல்லை என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.