வழக்கமான கவனிப்பு

டங்... டங்...

எவர்சில்வர் டம்ளர் கட்டில் கம்பியில் மோதும் சத்தம். தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

எலும்பு முறிவு வார்டில் பெரியவர் மீரான் காக்காவின் முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த ஆண் நர்ஸ் தேவசகாயத்தின் கை நின்றது. கால் தானாகத் திரும்பி ஓரெட்டு வைத்தது. அதையும் நிறுத்திக்கொண்டார்.

துணியைப் பிழிந்து மறுபடி துடைத்தார்.

"பிரதரே, கொம்பையா தட்டுதாரு" என்றார் காக்கா.

"அவர் தட்டுறதை விட்டு நாளாச்சு காக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்படியானால் தட்டுவது யார்?

தடுப்பை விலக்கிப் பார்த்தார். கொம்பையா சுவரைப் பார்த்துத்தான் கிடந்தார். அவர் கட்டில் ஓரத்தில், கையில் டம்ளரோடு, உமையாள் மேடம் உட்கார்ந்திருந்தார்.

நர்சிங் கல்லூரியில் தேவசகாயத்தின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர். வயதில் இவரைவிடச் சின்னவர். பேசுவதே குறைவு. அந்தக் குறைவிலும் பாதி கேள்வியாக இருக்கும்.

"வரச்சொல்லிப் போன் பண்ணினீங்களே, என்ன விஷயம்?"

தேவசகாயம் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இவருதான் மேடம். உப்பளத்துல வேலை பாத்தவரு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. எழும்பி உட்காரணும், மாட்டேங்காரு. சோத்தைத் தள்ளிவிடுதாரு. நெஞ்சுல சளி கட்டிட்டு. இப்படியே கிடந்தா ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நீங்க என்ன செய்தீங்க?"

"நான் என்ன செய்ய முடியும் மேடம்? சீட்டு அப்படி விழுந்துட்டு."

சீட்டு விஷயம் இதுதான். எலும்பு முறிந்து வருகிறவர்களோடு சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசி, கையைப் பிடித்துக் காலைத் தொங்கப்போட வைத்தால், சீக்கிரம் நடந்துவிடுகிறார்கள் என்பது தேவசகாயத்தின் நம்பிக்கை. நோயாளி பக்கத்தில் உட்கார்ந்த நர்சை வேலைவெட்டி இல்லாதவன் என்று திட்டுகிற மேலிடத்துக்கு அதை நிரூபித்துக் காட்ட வேண்டும். தலை நரைத்த பிறகு அவர் படிக்க வந்ததே அதற்காகத்தான்.

வார்டுக்கு வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியோடு உட்காருவார். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யார் முதலில் நடக்கிறார்கள் என்று கடைசியில் ஒப்பிட வேண்டும்.

மீரான் காக்கா, உட்காருகிற பாதி. ஜன்னல்வரை நடந்துபோய் டீக்கடையை வேடிக்கை பார்க்கிறார்.

கொம்பையா மறுபாதி.

"வந்த புதுசுல தட்டுவாரு மேடம். தண்ணி வேணுமான்னு கேப்பேன். வேண்டாம், கொஞ்சம் இரும்னு சொல்லுவாரு. உட்கார்ந்தா கணக்குக் கெட்டுப்போகும்லா? தூங்குங்க அண்ணாச்சின்னு சொல்லிட்டு வந்துருவேன்."

"அவர் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. எதுத்த கட்டில்காரன் மட்டும் உமக்குச் சொந்தக்காரனான்னு."

"அதுக்கு?"

"சிரிச்சு வச்சேன்."

"மத்தவங்க எப்படி?"

"நடக்காங்க மேடம். ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் நல்லாத் தெரியுது."

மேடம் கொம்பையாவின் முதுகைப் பார்த்தார். எலும்பை எண்ணிவிடலாம்.

"தெரியுது" என்றார்.

டம்ளரைச் சின்ன மேசைமேல் வைத்தார்.

"நான் தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கேட்டதும்?"

தடுப்புக்குப் பின்னாலிருந்து காக்காவின் குரல் வந்தது.

"கால் வந்துச்சும்மா. ஆளுதான் வரல."

"நீங்க சும்மா இருங்க காக்கா!"

"முதுகை நனைச்சுப் போட்டுட்டுப் போயிட்டு, சும்மா இருன்னா? குளிருதுல்லா!"

மேடம் சிரிக்கவில்லை.

"வழக்கமான கவனிப்புன்னா என்ன பிரதர்?"

"மருந்து, ஊசி, கட்டு மாத்துறது, புரட்டிப் படுக்க வைக்கிறது, முதுகு துடைக்கிறது, சாப்பாடு. ஒண்ணுலயும் நான் குறை வைக்கல மேடம்."

"யாரோட வழக்கம் அது?"

"நர்சுங்களோட..."

"உங்களைக் கேக்கறேன். ஆராய்ச்சி தொடங்குறதுக்கு முன்னாடி, இந்த வார்டுல ஒருத்தர் தட்டினா என்ன செய்வீங்க?"

"போவேன்."

"போயி?"

"உட்காருவேன்."

சொன்னது தன் காதிலேயே விழுந்தது. தேவசகாயம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஆராய்ச்சித் திட்டத்துல நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் மேடம். எழுந்து பையைத் தோளில் மாட்டினார்.

"ஆராய்ச்சி என்ன ஆகும் மேடம்?"

"அது பிழைச்சுக்கும்."

செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்துபோயிற்று.

தேவசகாயம் மேடம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். அந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

"அண்ணாச்சி."

நெஞ்சில் சளி கரகரத்தது. முகம் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருக்கட்டுமா?"

சுவரிடம் பேசுவதுபோல் குரல் வந்தது.

"இனிமே எதுக்குவே?"

தேவசகாயம் எழுந்தார்.

போய்க் காக்காவின் முதுகைத் துவட்டிவிட்டார். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

கொம்பையாவின் முதுகு இந்தப் பக்கமாகவே இருந்தது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணியை நனைத்தார். பிழிந்தார். தோளிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.