பாய்லருக்குப் பொட்டு

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. மடத்தின் தலைவர் ஈசான அடிகளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் கோமதிநாயகமோ அறுபதைத் தாண்டியவர். தென்காசியில் அல்வாக் கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, தீட்சை வாங்க வேண்டும் என்று மலையேறி வந்தவர். சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சீடர் என்று குழப்பம் வருவதுண்டு. அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

மடத்துக்குப் பின்னால், வெட்டவெளியில் ஒரு விறகு பாய்லர் நின்றது. ஆள் உயர இரும்புப் பெட்டி. உள்ளே அடுப்பு, அடுப்பைச் சுற்றிலும் தண்ணீர். அடுப்பு எரிந்தால் தண்ணீர் கொதிப்பேறி, மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியாக மடத்துக்குள் வந்து, அறைகளின் சுவரோரமாக ஓடிவிட்டுத் திரும்பிப் போகும். உள்ளே புகை இல்லை, கதகதப்பு மட்டும் இருக்கும்.

ஐப்பசியில் கோமதிநாயகம் தீட்சையைப் பற்றிக் கேட்டார். தைப்பூசத்துக்குப் பார்க்கலாம், அதுவரைக்கும் பாய்லரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அடிகள்.

வேறு யாராவது இருந்தால் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். கோமதிநாயகம் பரீட்சையாக எடுத்துக்கொண்டார். தைப்பூசம் வரை இந்த நெருப்பு அணையாது, அணைந்தால் எனக்குக் காவி கட்டும் தகுதி இல்லை என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். அப்படி ஒரு நிபந்தனையை அவருக்கு யாரும் போடவில்லை.

அதற்குப் பிறகு பாய்லருக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. கதவுக்கு மேலே சந்தனமும் குங்குமமும் ஏறின. வெள்ளிக்கிழமை சாமந்தி மாலை. இரவில் அணைந்துவிடக் கூடாதே என்று பச்சை விறகைத் திணித்து, காற்று வரும் வாயைச் சாத்தி, விடிய விடியப் புகைய விடுவார். காலையில் கதவோரத்துச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார். மீதிச் சாம்பலைத் தொடமாட்டார். அதை அள்ளிக் குப்பையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை.

அணையா நெருப்பு என்ற பேர் கீழே கடைத்தெரு வரைக்கும் பரவியது. வந்தவர்கள் பாய்லரைச் சுற்றி வந்து கும்பிட்டார்கள். கோமதிநாயகத்துக்கு உச்சி குளிர்ந்தது.

மார்கழியில் மற்றதெல்லாமும் குளிர்ந்தது. புல்லில் உறைபனி உப்புத் தூவினாற்போல் கிடந்தது. சுவரோரக் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. அடிகள் குரங்குக் குல்லாயைக் கழற்றாமல் பூஜை செய்தார். கோமதிநாயகம் விறகை வண்டி வண்டியாக உள்ளே தள்ளினார். நெருப்பு ஆளையே அடிப்பதுபோல் எரிந்தது. அறைகளில் மட்டும் குளிர் அசையவில்லை. புகைபோக்கியை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள்தான் அந்த மலையில் குளிராமல் இருந்தன.

மனம் கேளாமல் குருவிடம் போனார்.

"சாமி, நெருப்பு நல்லா எரியத்தான் செய்யுது. சூடு மட்டும் உள்ள வரமாட்டேங்கு. என் பக்தியில என்ன குறை?"

அடிகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அல்வா கிண்டுவது எப்படி என்று கேட்டார். பாவம், சாமிக்கு ஆசை வந்துவிட்டது போலும் என்று சீடரும் உற்சாகமாகிவிட்டார். கோதுமையை ஊறவைப்பதில் தொடங்கி, பால் எடுப்பது, சீனி சேர்ப்பது, நெய் விடுவது என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கேட்டவருக்கு நாக்கில் நீர் ஊறியதும் உண்மை.

"சட்டியோட அடியை எப்ப தேய்ப்பீங்க?" என்றார் அடிகள்.

"தினமும் தேய்ச்சிரணும் சாமி. கரி ஏறிட்டுன்னு வைங்க, எவ்வளவு எரிச்சாலும் சூடு உள்ள போகாது. வெறகுதான் பாழு. ஒருநாள் தேய்க்காம வச்சுட்டான்னு ஒரு பையனை வேலையை விட்டே..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

அது அல்வாச் சட்டி, இது அப்படி இல்லையே என்று முணுமுணுத்தார். கரியைச் சுரண்ட வேண்டும் என்றால் அடுப்பு முழுக்க ஆற வேண்டும். ஆறுவதென்றால் அணைவதுதான். தைப்பூசம் கழிந்ததும் செய்துவிடட்டுமா என்று கேட்டார்.

"உங்க நெருப்பு, உங்க இஷ்டம்" என்றார் அடிகள், கோபமில்லாமல்.

அந்த வாரமே ராஜபாளையத்திலிருந்து ஒரு வேன் நிறைய அடியார்கள் வந்து இறங்கினார்கள். அணையா நெருப்பைப் பார்க்கவே வந்தவர்கள். பாய்லருக்குக் கற்பூரம் காட்டினார்கள். கோமதிநாயகத்தின் காலில்கூட இரண்டு பேர் விழுந்தார்கள். அவர் கூச்சத்தோடு தடுத்தார், கொஞ்சம் தாமதமாக. அன்று எல்லாரையும் பெரிய கூடத்தில் படுக்கவைத்துவிட்டு நிறைந்த மனசோடு போய்ப் படுத்தார்.

காலையில் எழுப்பப் போனால் கூடத்தில் ஒருவரும் இல்லை. பாயும் இல்லை. தேடிக்கொண்டு போனவர், சமையலறை வாசலில் நின்றார். சமையற்காரர் போஜன் தோசைக்கல் போட்டிருந்த அடுப்பைச் சுற்றி, வந்த கூட்டம் முழுவதும் பாயும் போர்வையுமாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போஜனுக்குக் கரண்டியைத் திருப்பக்கூட இடமில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்களும் வாங்கய்யா. இங்கதான் சூடு இருக்கு."

கோமதிநாயகம் உட்காரவில்லை. நேற்றுத் தன் காலில் விழுந்தவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. நேராகப் பின்பக்கம் போனார். அடுக்கி வைத்திருந்த விறகில் கை வைக்காமல், பாய்லருக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். நெருப்பு தாழ்ந்தது, கங்கானது, கங்கும் மங்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மத்தியானம் காக்கைகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின.

அடிகளிடம் வந்து நின்றார்.

"அணைஞ்சு போச்சு சாமி."

அடிகள் நிமிர்ந்து பார்த்தார்.

"தீப்பெட்டி இருக்கில்ல?"

மறுநாள், இரும்பு முழுக்க ஆறிய பிறகு, கோமதிநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புக்குள் தலையை விட்டார். சுவர் முழுக்க விரல் கனத்துக்குக் கரி. பச்சை விறகின் புகை தாராக இறுகி, கறுப்புக் கண்ணாடிபோல் மின்னியது. சுரண்டினார், அல்வாச் சட்டியைச் சுரண்டிய அதே கையால். சாம்பலைக் கூடை கூடையாக அள்ளினார். அடிச்சாம்பல் ஈரம் கோத்துச் சேறாகக் கிடந்தது. அதற்குக் கீழே இரும்பு துருவேறிப் பொருபொருத்திருந்தது. இன்னொரு மழைக்காலம் அப்படியே விட்டிருந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து தண்ணீரெல்லாம் வெளியே போயிருக்கும். தான் பொட்டு வைத்துக் கும்பிட்டுக்கொண்டே அதைத் துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. பிறகு, கரிபூசிய முகத்தில் கண்ணீர் வழிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது.

புகைபோக்கிக்குள் கம்பித் தூரிகையை விட்டு இழுத்தார். குறைந்திருந்த தண்ணீரை நிரப்பினார். நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகாகப் பொறுக்கி அடுக்கி, ஒரே குச்சியில் பற்றவைத்தார். காற்று வரும் வாயைத் திறந்தே வைத்தார். புகையே தெரியவில்லை. முன்பு போட்டதில் பாதி விறகுகூடச் செலவாகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ராஜபாளையத்துக்காரர்கள் சுவரோரக் குழாயில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அணையா நெருப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கோமதிநாயகம் குளித்துவிட்டு குருவின் அறைக்குள் வந்தார். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கரி இருந்தது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அணையாமக் காப்பேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன் சாமி. நானே அணைச்சுட்டேன். இனி எனக்குத் தீட்சை உண்டுமா?"

அடிகள் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு குரங்குக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஐப்பசிக்குப் பிறகு அவர் தலையைச் சீடர் பார்ப்பது அன்றுதான்.

"தைப்பூசத்துக்கு மறுநாள் திரும்பவும் அணைச்சுச் சுரண்டணும். அன்னைக்கு மட்டும் காவியைக் கட்டிக்கிட்டு வந்துடாதீங்க அண்ணாச்சி. கரி பட்டாப் போகாது."