பதினைந்து பொந்துகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சிஷ்யருக்கு அறுபத்திரண்டு. தலைகீழாக இருக்கிறதே என்கிறீர்களா? என்ன செய்வது! அரசாங்கத்தில் முப்பது வருஷம் பாலம் கட்டி ஓய்வு பெற்ற பிறகுதான் சென்னியப்பனுக்குப் பழைய கல் கட்டடங்கள் மேல் ஆசை வந்தது. அவற்றைச் செப்பனிடுவதில் மயிலாத்தாவை மிஞ்ச அந்தச் சீமையில் ஆளில்லை. போய்க் கும்பிட்டு நின்றார். மயிலாத்தா சேர்த்துக்கொண்டார்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு தோட்டத்துச் சாளை. விளைநிலத்துக்கு நடுவே கட்டிய வீட்டைக் கொங்கு நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். நூற்றைம்பது வருஷத்து மாடி வீடு. கருங்கல்லும் சுண்ணாம்பும் தவிர வேறெதுவும் சேராத சுவர். பாரம்பரியச் சின்னம் என்று அரசாங்கமே பலகை மாட்டியிருந்தது.

ஆனால் மேற்குச் சுவரின் உச்சியில் கூரையைத் தாங்கும் கல் ஒன்று நழுவி வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வருகிறார்கள். கல் அப்படியே இருந்தால் ஆபத்தான கட்டடம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்த கையோடு அந்த வழியாக வரப்போகும் புதுச் சாலைக்காக இடித்தும் விடுவார்கள். வீட்டுக்காரர் தங்கராசுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

வெளியூர் போயிருந்த மயிலாத்தா திங்கட்கிழமை திரும்பி வந்தார்.

"ஏனுங்கண்ணா, நான் இல்லாதப்ப என்ன வேலை ஆச்சு?"

சென்னியப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மேற்குச் சுவத்துல சதுரம் சதுரமா பொந்து இருந்துதுங்களே, பதினஞ்சு! மைனா கூடு கட்டி ஒரே அசிங்கம். மாடிக்குள்ள நின்னே அத்தனையையும் சிமெண்ட் போட்டு அடைச்சிட்டேனுங்கம்மா. உள்பக்கம் சுவத்துக்கு ஏத்த மாதிரி சாயம் கலந்து பூசினேன். எங்கே இருந்துதுன்னு ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாதுங்க!"

மயிலாத்தா திட்டவில்லை. "அப்படீங்களா? சரி, அந்த மேல் கல்லையும் நீங்களே உட்கார வச்சிருங்க. வெளியே நின்னுதான் தள்ளோணும்."

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினார் சென்னியப்பன். இரும்புச் சாரம் கட்ட ஆள் கூட்டி வந்தார். நிறுத்தத் தரை வேண்டாமா? சுவருக்குக் கீழே நேராக அறுபதடிக் கிணறு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை கிரேன் வந்தது. ஓட்டுநர் இறங்கிக் கிணற்றுக் கரையை மிதித்துப் பார்த்தார். "எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க சார்" என்று வண்டியைப் பின்னால் எடுத்தவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கூரையிலிருந்து கயிறு கட்டி இறங்கலாம் என்றால், கால் வைத்த ஓடெல்லாம் நொறுங்கியது.

புதன்கிழமை காலையில் கிணற்றுக்கு எதிர்க்கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மயிலாத்தா வந்து பக்கத்தில் நின்றார்.

"வழியே இல்லீங்கம்மா. என்னை நம்பித் தங்கராசு வீடே போயிரும் போலிருக்குது."

"இந்தக் கிணறு எப்ப வெட்டினதுங்கண்ணா?"

"வருஷம் கல்லுல இருக்குதுங்க. வீட்டுக்கு இருபது வருஷம் முந்தி."

"அப்ப இந்தச் சுவத்தைக் கட்டினவங்க எங்கே நின்னாங்க?"

சென்னியப்பன் எழுந்து நின்றார். கிணற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்தாகச் சிமெண்ட் சதுரங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அய்யய்யோ!"

கட்டும்போதே சுவரில் பொந்து விட்டு, அதில் கம்பைச் சொருகி, கம்பு மேல் பலகை போட்டு நின்று கட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கம்பை உருவிக்கொண்டு போனவர்கள் பொந்தை அடைக்கவில்லை. அதைத்தான் நம் ஆள் சாயம் கலந்து பூசி மூடிவிட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

மாடிக்கு ஓடினார். உள்சுவரில் பொந்து எங்கே? அவர் பூசிய அழகுக்கு அவருக்கே தெரியவில்லை. தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, உளி போட்டார். "எந்தப் பாவி இவ்வளவு கெட்டியா அடைச்சான்!" என்று அவரே கத்த, தங்கராசு ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

பொழுது சாய்வதற்குள் மேல் இரண்டு வரிசையும் திறந்துவிட்டது. சவுக்குக் கம்புகளைச் சொருகி, உள்முனைகளை மாடித் தூண்களோடு இறுக்கிக் கட்டி, வெளியே பலகை போட்டார்கள். கம்பு ஒவ்வொன்றும் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. இடுப்பில் கயிற்றோடு சென்னியப்பன் மாடி ஜன்னல் வழியாக வெளியே காலை வைத்தார். கீழே கிணறு. பயம்தான், மறைப்பானேன்? ஆனால் பலகை இம்மி அசையவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கடப்பாரையை முட்டுக் கொடுத்து மூச்சைப் பிடித்து ஒரு நெம்பு நெம்பினார். கல் உறுமிக்கொண்டு நகர்ந்து தன் இடத்தில் போய் டொப்பென்று உட்கார்ந்தது. இடுக்கில் சுண்ணாம்பை வைத்து அடித்தார். கீழே அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் துண்டைச் சுழற்றி விசிலடித்தார்கள்.

மறுநாள் வந்த அதிகாரி அந்தப் பலகையிலேயே ஏறி நின்றார். கல்லைக் கையால் தள்ளிப் பார்த்தார், சுத்தியலால் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து எழுதியதை உரக்கவே படித்தார்: "கட்டடம் உறுதியாக உள்ளது. பாதுகாப்பு தொடரும்."

தங்கராசு போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்கையெல்லாம் பறந்தது. தேங்காய் உடைத்தார், மாலையைச் சென்னியப்பன் கழுத்தில் போட்டார், உளியையும் சுத்தியலையும் கொண்டுவந்து நீட்டினார்.

"வாசல் நிலைக்கல்லுல உங்க பேரை வெட்டிருங்கய்யா. வீடு நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்!"

சென்னியப்பனுக்கு ஆசைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் கட்டிய பாலங்களில் எல்லாம் திறந்து வைத்தவர்கள் பேர்தான் இருந்தது. உளியை வாங்கிக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"வெட்டட்டுங்களா அம்மா?"

"வெட்டுங்கண்ணா. கட்டினவங்க பேரு எங்கே இருக்குதுன்னு பாத்து, அதுக்குக் கீழே வெட்டுங்க."

சென்னியப்பன் நிலைக்கல்லைத் தடவினார். படிகளைப் பார்த்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மாடிக்கும் போய் வந்தார்.

"ஒரு எழுத்துக்கூட இல்லீங்களே அம்மா. ஒண்ணுமே விட்டுட்டுப் போகலீங்களா?"

"விட்டுட்டுப் போனாங்களே. அது மேலதானுங்கண்ணா நீங்க ரெண்டு நாளா நின்னீங்க."