சக்கரத்தைத் தாண்டியவள்

உப்பு, வண்டியேறி ஊர் ஊராய்ப் போன காலம். அப்போது ஆண்ட அரசன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவனுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. விடுங்கள்.

கடற்கரையில் உப்பை ஏற்றி மலையூர்களுக்குக் கொண்டுபோகும் கூட்டம் ஒன்று இருந்தது. குடும்பத்துக்கு ஒரு வண்டி. சின்னப் பிள்ளைகள் மூட்டைமேல் உட்கார்ந்து வருவார்கள். பெரியவர்கள் தலையில் உப்புக்கூடையோடு நடப்பார்கள்.

யார் சின்னவர், யார் பெரியவர்? அதற்கு அவர்களிடம் ஓர் அளவு இருந்தது. பயணம் புறப்படும் நாளில் கூட்டத்தலைவன் பொறையன் பிள்ளைகளைச் சக்கரத்தோடு சேர்த்து நிறுத்துவான். தலை சக்கரத்தின் உச்சிக்குக் கீழே இருந்தால் வண்டி. மேலே தெரிந்தால் நடை.

காரணம் உண்டு. மலையேற்றத்தில் வண்டிகள் நெருங்கி வரும். சக்கரத்தைவிடக் குள்ளமான பிள்ளை கீழே நின்றால் பின்னால் வருகிறவன் கண்ணில் படாது. அதனால் மேட்டில் என்ன நடந்தாலும் சின்னப் பிள்ளை இறங்கக் கூடாது என்பது சட்டம்.

கோடன் என்பவனுக்கு அலரி என்று ஒரு மகள். வளர்ந்துவிட்டாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுவரை கூட விளையாடிய தோழி, கூடையைத் தூக்கிய மறுநாளே கால்வலியைத் தவிர வேறெதுவும் பேசாமல் போனதை அவள் பார்த்திருந்தாள்.

எனவே அளக்கும்போது பாவாடைக்குள் முழங்காலை மடக்கி நின்றாள். முதல் பயணத்தில் ஒரு விரல் உயரம் மறைத்தாள். இரண்டாம் பயணத்தில் இரண்டு விரல். மூன்றாம் பயணத்தில் நான்கு விரல். பொறையனுக்கு எப்போதும் அவசரம். "ஏறு, ஏறு" என்றான்.

முழங்காலை மடக்கலாம். எடையை மடக்க முடியுமா?

மூன்றாம் பயணத்தில், மலையேற்றத்தின் பாதியில், மயிலை என்ற அவர்கள் காளை மண்டியிட்டது. கன்றாய் இருந்தபோதிலிருந்து அலரி தவிடு ஊட்டிய காளை அது.

கூட்டத்தில் இன்னொரு சட்டமும் உண்டு: மூன்று முறை மண்டியிட்ட மாட்டை அங்கேயே அவிழ்த்துவிட்டு, உதிரி மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நின்றால் மழை வரும், உப்பு கரையும். விட்ட மாட்டைப் புலி பார்த்துக்கொள்ளும்.

கோடன் ஒரு மூட்டையை இறக்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டான். காளை எழுந்தது. பத்து அடி போனது. மறுபடி மண்டியிட்டது.

தாய் தன் கூடையின் மேல் இன்னொரு சிறு மூட்டையை ஏற்றிக்கொண்டாள். அவள் கழுத்து நடுங்கியது. காளை எழுந்தது.

"இன்னும் ஒரு தடவதான் கோடா," என்றான் பொறையன். "அப்புறம் அவுத்துரு. அழுதுட்டு நிக்காத."

கோடன் மாட்டின் கழுத்தைத் தடவினான்.

அலரி மேலே உட்கார்ந்திருந்தாள். மாட்டின் முன்னங்கால் உதறுவது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. இறங்கினால் குட்டு வெளிப்படும். இறங்கிவிட்டால் மறுபடி ஏறவும் முடியாது.

குதித்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"அடேய், யாரு புள்ள அது?" என்று பின்வண்டிக்காரன் கத்தினான். "சக்கரத்துக்கு மேல தல தெரியுது!"

பொறையன் திரும்பினான். "பொறப்படும்போது அளவுக்குள்ள இருந்தியே. மேடு ஏறுறதுக்குள்ள வளந்துட்டியாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"மூணு பயணமா மொழங்கால மடக்கி நின்னேன் மாமா."

சிரிப்பு நின்றது. பொறையன் அவளையும் காளையையும் மாறி மாறிப் பார்த்தான். "திட்டுறத மேல போய் வச்சுக்கறேன். இப்பத் தள்ளு."

தள்ளினாள். சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்துத் தோள் எரியத் தள்ளினாள். காளை தடுமாறியது. இதோ விழுகிறது என்றார்கள். விழவில்லை. உச்சி வந்தது.

அங்கே தாய் பாரத்தை இறக்கிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும்டி."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"ஒன்ன எறக்க மனசு வரல. நடக்கறது எப்படின்னு எனக்குத் தெரியுமே."

பிறகு அவள் தன் கூடையில் பாதி உப்பை வேறொரு கூடையில் கொட்டி மகள் பக்கம் நகர்த்தினாள்.

அலரி நடந்தாள். காலில் கொப்புளம் வந்தது. யாரும் அவளைப் பாராட்டவில்லை. பொறையன் சொன்னபடி திட்டினான். மயிலை அவளுக்குப் பக்கத்தில், பெருமூச்சு விட்டுக்கொண்டு, உயிரோடு நடந்தது.

நடை சுகம் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பிறகும் இறங்க மறுப்பவரின் பாரத்தை, அவர்மேல் அன்பு வைத்தவர்களே முழங்கால் மடங்கச் சுமக்க வேண்டியிருக்கும்.